தவிட்டுக்கு வாங்கிய மகன்

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் சுகமாக இருக்கிறார்கள். யாரிடமும் போய் நிற்காமல் வளர்த்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, போன மாதம் எண்பத்து நான்காம் வயதில் காலமானார். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் இந்த நினைவுப் புத்தகத்தில் நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என் சின்ன மகன் கேட்டான். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல அவன் மகள் எழுதுகிறாள்.

புத்தகத்தில் ஒரு பக்கம் குடும்ப மரம் போடுகிறார்கள். பிள்ளைகள் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அச்சுக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

“அத்தைக்குத்தான் புள்ளைங்க இல்லையே. அந்த எடத்த எடுத்திருங்கன்னு சொல்லிட்டேன்” என்றான் சின்னவன்.

“எடுக்கச் சொல்லாத. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறு” என்றேன்.

அந்த இடத்தில் யார் பேர் வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாத்தனார் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். பதினான்கு வயதில் கொழுந்துக் கூடை தூக்கினார். பத்தொன்பதில் கல்யாணம். முப்பது வயதுக்குள் புருஷனை மரம் விழுந்து இழந்தார். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தாய் வீட்டு லயத்துக்கே திரும்பி வந்து, எங்களுக்கு அடுத்த காம்பிரா அறையில் இருந்தார். வாய் துடுக்கு. கங்காணி முதல் கணக்கப்பிள்ளை வரைக்கும் அந்த வாய்க்குப் பயப்படுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் இருவருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை இல்லாமல் இருந்ததில்லை.

எனக்கு முதல் பிள்ளை இறந்து பிறந்தது. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டார். என்னிடமும் அதிகம் பேசமாட்டார். மூன்றாவது தங்கியபோது நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாவுக்கும் பாணுக்கும் கியூவில் நின்ற காலம் அது. தவிட்டைச் சலித்து ரொட்டி சுட்டுத் தின்ற நாட்கள். ஒரு திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது எனக்கு வலி வந்தது. தோட்டத்து மிட்வைஃப் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மாத்தளைக்குக் கொண்டு போங்கள் என்றார். கொழுந்து லொறியில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். இறங்குவதற்கு முன்னமே பிள்ளையின் ஒரு கை வெளியே வந்துவிட்டது. அந்தக் கையை நாத்தனார் தன் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த வளைவுகள்தான் ஞாபகம். லொறி வளையும் போதெல்லாம் அவர் என் காதில், “இருக்கான், இருக்கான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிள்ளையை எடுத்தார்கள். ஆண். அழவில்லை. நீலமாக இருந்தான். எப்படியோ மூச்சு விட வைத்தார்கள். எனக்கு இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் அவன் பால் இழுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றார். பிள்ளையைப் பார்க்க உள்ளே வரவே இல்லை. “நான் பாத்தா போயிரும்” என்றாராம்.

மூன்றாம் நாள் பகல், ஆட்களைப் பார்க்க விடும் நேரத்துக்கு, நாத்தனார் ஒரு சொளகு தவிட்டைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வார்டு வாசலில் நர்ஸ் நோனா மறித்தார்.

“இது எதுக்கு? மாட்டுக்கா?” என்று சிங்களத்தில் சத்தம் போட்டார்.

“மாட்டுக்கு இல்ல நோனா. புள்ள வாங்க வந்திருக்கேன்” என்று நாத்தனாரும் சிங்களத்திலேயே சொன்னார்.

நர்ஸ் நோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெற்றவளுக்குப் பிள்ளை தங்காவிட்டால், பிறந்த பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அப்புறம் அது அவள் பிள்ளை. பெற்றவள் வளர்த்துக் கொடுக்கிறவள்தான். தன் பிள்ளை என்று வாயால் சொல்லக்கூடாது. வேண்டும் என்றால் ஒரு காலத்தில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

நாத்தனார் தவிட்டை என் மடியில் கொட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

“இனி இது என் புள்ள. பால் குடுத்து வளத்துக் குடு. கூலி கேக்காத.”

பிள்ளையைத் திரும்ப என் கையில் வைத்தார். வெளியே போய்த் தம்பியிடம், “உள்ள போய்ப் பாரு. உன் புள்ள இல்ல, என் புள்ள. நீ பாத்தா ஒண்ணும் ஆகாது” என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

அன்று பின்னேரம் அவன் பால் இழுத்தான். தவிட்டால் என்றார் என் வீட்டுக்காரர். அம்மன் என்றேன் நான். டொக்டர் போட்ட ஊசி என்றார் நாத்தனார். “அப்ப தவிடு எதுக்கு?” என்று கேட்டேன். “ஊசி பிழைக்க வைக்க. தவிடு ஒங்க ரெண்டு பேரையும் மனுசராக்க” என்றார்.

ஐந்து வருஷம் நாங்கள் அப்படியே இருந்தோம். வேலை விட்டு வந்தால் என் வீட்டுக்காரர், “அக்கா புள்ள சாப்பிட்டானா?” என்றுதான் கேட்பார். “அக்கா புள்ள தூங்குறான்” என்பேன். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இருவரும் பயமில்லாமல் படுத்தோம். நின்ற விளக்கும் மறுபடி எரிந்தது.

பிறகு நாத்தனாரின் கொழுந்தன்மாருக்கு இந்தியா பாஸ்போர்ட் கிடைத்தது. அண்ணியையும் எங்களோடு கூட்டிப் போகிறோம் என்று வந்து கேட்டார்கள். லயமே வாசலில் நின்றது. எல்லோர் முன்னாலும் நாத்தனார், “என் புள்ள இங்க இருக்கான். அவன விட்டுட்டு நான் எங்க வாறது?” என்றார்.

எனக்கு உடம்பு எரிந்தது. பக்கத்துக் காம்பிராப் பொம்பளைகள் என்னைப் பார்த்தார்கள். பெற்றது நான், இரத்தம் கொடுத்தது நான், லயத்தின் முன்னால் பேர் அவருக்கா என்று இருந்தது. மறுநாள் காலையில் ஒரு சொளகு தவிட்டை அளந்து அவர் வாசல் படியில் வைத்தேன்.

“தவிட்டத் திருப்பிட்டேன் அக்கா. நீங்க தாராளமா இந்தியா போகலாம்.”

அவர் தவிட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் அந்தப் பிள்ளைக்கு, எங்கள் பெரியவனுக்கு, காய்ச்சல் அடித்தது. கண் மேலே போனது. டிஸ்பென்சரி மருந்துக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. மூலையில் போய் உட்கார்ந்து, “நீதானே உன் புள்ளன்னு சொன்ன” என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து அடுத்த காம்பிராவுக்குப் போனேன். நாத்தனார் வாசலில் போய் நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் யார் வாசலிலும் நான் அப்படி நின்றதில்லை.

“அக்கா, அந்தத் தவிட்டத் திருப்பித் தாங்க.”

“எந்தத் தவிடு?”

“நான் வச்சது.”

“அதக் கோழி தின்னுடுச்சி. நான் கையால தொடவே இல்ல. நான் வாங்காத தவிட்டுக்கு நீ எப்படிப் புள்ளய மீப்ப? அவன் என் புள்ளதான். வா, தூக்கு அவன. லொறி போயிரும்.”

மாத்தளை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பதினொரு நாளும் அவர்தான் பக்கத்தில் இருந்தார். கொழுந்தன்மார் போகிற நாளும் அதற்குள் வந்தது. வழியனுப்பக்கூட அவர் போகவில்லை. பெரியவன் எழுந்து நடந்தான்.

அதற்குப் பிறகு நான் தவிடு திருப்பவில்லை. ஆனால் அவர் பிள்ளை என்று நான் வாயால் சொல்லவும் இல்லை. பெரியவன் அவரை அத்தை என்றே கூப்பிட்டான். நான்தான் அப்படிக் கூப்பிடப் பழக்கினேன். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

பெரியவன் இப்போது இரத்தோட்டையில் த்ரீவீலர் ஓட்டுகிறான். ஐம்பது தாண்டிவிட்டது. வருஷக் கணக்காகக் கூப்பிட்டும் நாத்தனார் லயத்தை விட்டு இறங்கவில்லை. போன வருஷம் ஒரு பக்கம் இழுத்த பிறகுதான் அவன் இரத்தோட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவன். கடைசி இரண்டு மாதம் அவருக்கு ஆள் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “யாரு, வளக்குறவளா?” என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிரேதம் எடுக்கும் நாள் பூசாரி, “கொள்ளி வைக்கிறது யாரு? என்ன மொற?” என்று கேட்டார். பெரியவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். “மருமகன் மொறைங்க” என்றான். மருமகனாகவே கொள்ளி வைத்துவிட்டு வந்தான். எனக்கு அன்று அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. சோறு சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பூசாரி கேட்டது மட்டும் காதில் இருக்கிறது.

உதவி செய்தவர்களை மறக்கக்கூடாது. பந்தல் போட்ட மேட்டு லயத்துப் பையன்மார், முதல் நாள் சோறு சமைத்து அனுப்பிய முன்வீட்டுச் சிங்களக் குடும்பம், உட்காரக் கதிரைகளையும் சீனியையும் கேட்காமலே கொண்டுவந்து இறக்கிய பலாபத்வல கடை நானா, ஒரு வருஷம் வீட்டுக்கு வந்து மருந்து கட்டிய நர்ஸ் மிஸ், யட்டவத்தையிலிருந்து மழையில் வந்த சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பேர் விட்டுப்போனவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடும்ப மரத்தில் அந்த இடத்தை எடுக்க வேண்டாம். பிள்ளைகள் என்று போட்டு, அதன் கீழ் பெரியவன் பேரைப் போடுங்கள். மருமகன் என்று வேறு எங்கும் போட வேண்டாம். என் பேருக்குக் கீழே நாலு பேர் போதும். நான் வளர்த்தது ஐந்து. பெரியவனை அவருக்காக வளர்த்துக் கொடுத்தேன்.

அவ்வளவுதான் அம்மா, பேனாவை வை. இப்போது முதலிலிருந்து வாசி பார்ப்போம். சத்தமாக வாசி. உன் பெரியப்பா முன் அறையில்தான் இருக்கிறான், அவனுக்குக் கேட்க வேண்டும்.