தொண்ணூற்றாறில் நின்றுபோன தண்ணீர்

எலுமிச்சம்பழ வாசனை வந்தாலே எனக்கு ஒரு தெர்மாமீட்டர் ஞாபகம் வரும்.

கொல்லிமலை பஸ்ஸில் எழுபது வளைவு ஏறுகிறவர்கள் பலர் கையில் ஒரு பழம் இருக்கும். வயிற்றைப் புரட்டும்போது முகர்ந்துகொள்ள. என் ஒரு கையில் பழம், மறு கையில் துண்டில் சுற்றிய தெர்மாமீட்டர். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அத்தனை பத்திரமாக மலை ஏற்றியிருக்க மாட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. பக்கத்தில் சோளக்காடு என்ற ஊரில் அறை எடுத்துத் தங்கினேன். ஐந்தாம் வகுப்பு, பதினேழு பிள்ளைகள், அறிவியல்.

முதல் பாடம், தண்ணீரின் கொதிநிலை. பாடத்திட்ட நோட்டில் நான் கேட்கப்போகும் கேள்வி இடது பக்கம், பிள்ளைகள் சொல்லப்போகும் பதில் வலது பக்கம். பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுடைய பதிலை எழுதி, கல்லூரியில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பதில்: 100 டிகிரி.

அன்றைக்கே மேற்பார்வைக்கு எங்கள் விரிவுரையாளர் வந்துவிட்டார். அவர் மதிப்பெண் போடாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து பயிற்சி. கடைசி பெஞ்சில், வளைவுகள் இன்னும் இறங்காத முகத்தோடு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தார்.

சத்துணவு சமையல்கார அக்காவிடம் அடுப்பையும் ஒரு பாத்திரத்தையும் கடன் வாங்கி வராந்தாவில் வைத்தேன். தண்ணீர் சூடானது. பிள்ளைகள் முறை வைத்து எண்ணைப் படித்தார்கள். எண்பது... தொண்ணூறு... தொண்ணூற்று ஐந்து...

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறில் நின்றது.

"நின்னுருச்சுங்க டீச்சர்."

"பொறுங்க, ஏறும்."

ஏறவில்லை. தீயைக் கூட்டினேன். மூடி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் பாதியாகச் சுண்டியது. இன்னொரு சொம்பு ஊற்றினேன். அதுவும் தொண்ணூற்றாறு வரை வந்து நின்றுகொண்டது, அதற்கு மேல் பஸ் இல்லை என்பதுபோல.

சமையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், தண்ணி கொதிச்சு எத்தன நேரமாச்சு! இன்னும் எதுக்குங்க காத்திருக்கறீங்க?"

தண்ணீர் கொதித்துவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படித்த நாங்கள் இருவர் மட்டும்தான் காத்திருந்தோம்.

முன் வரிசையில் பவித்ரா எழுந்தாள். அவள் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர். "டீச்சர், எங்கப்பா லாரிலயே சோறாக்குவாருங்க. கீழ பருப்பு வெரசா வெந்துருதாமா. எங்கூட்டுல வேகவே மாட்டேங்குதுங்க."

"பாடத்துக்கு வா கண்ணு," என்றேன். பருப்பு பற்றி நோட்டின் வலது பக்கத்தில் எதுவும் இல்லை.

விரிவுரையாளர் எழுந்து வந்தார். தெர்மாமீட்டரை வாங்கி, காய்ச்சல் பார்க்கிறவர்போல இரண்டு தரம் உதறினார். "கருவி பழுதும்மா," என்றார். பழம் பிடித்த கையாலேயே சாக்பீஸ் எடுத்து, பலகையில் 100 என்று எழுதினார். பதினாறு பேர் பார்த்து எழுதினார்கள். பவித்ராவின் நோட்டில் 96 இருந்தது.

"பலகையப் பாத்து எழுது கண்ணு," என்றேன்.

"கண்ணுல பாத்தது அதுதானுங்களே?"

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். நான் அவள் ரப்பரையே வாங்கி அழித்து, 100 என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மதிப்பெண் விழுந்தது. 'சோதனை நன்று. கருவியில் கவனம் தேவை.'

சனிக்கிழமை கீழே இறங்கியதும் கல்லூரி விடுதிச் சமையலறையில் அதே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நூறை ஒட்டிப் போய் நின்றது. திங்கட்கிழமை மேலே, தொண்ணூற்றாறு. மலை ஏறினால் கெட்டுப்போய், இறங்கினால் தானாகச் சரியாகும் கருவியை நான் அதுவரை பார்த்ததில்லை. வாங்கிய கடையில் கேட்டேன். கடைக்காரருக்கும் குழப்பம். வேறொன்று தந்தார். அதுவும் அப்படியே.

பிறகு நூலகத்தில் ஒரு பழைய இயற்பியல் புத்தகத்தில் நாலு வரி கிடைத்தது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. பருப்பு மெதுவாகத்தான் வேகும்... கருவியில் பழுதில்லை. வகுப்பில் பழுதாக இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

கடைசி நாள் பவித்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ எழுதினதுதான் சரி கண்ணு. இங்க தொண்ணூத்தாறுதான்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். யோசித்தாள்.

"அப்ப பரீட்சைல எதைங்க எழுதறது?"

"...நூறு."

"அப்ப பருப்புக்குங்க?"

"தொண்ணூத்தாறு."

"சரிங்க டீச்சர்," என்றாள். என்னைவிடத் தெளிவாக இருந்தாள். ஆனால் நோட்டில் நான் எழுதிய நூறை அவளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அடியில் அந்த 96 மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

இப்போது நான் கீழே, சமவெளியில் ஒரு பள்ளியில் இருக்கிறேன். வருஷா வருஷம் அதே பாடம். இங்கே தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிள்ளைகளும் கேட்கிறார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நாற்பது பேரும் நோட்டில் 100 என்று எழுதி முடித்துவிட்டு, கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெர்மாமீட்டரை உள்ளே விட்டதும் நான் ஒருமுறை முன் வரிசையைப் பார்ப்பேன்... யாராவது எழுந்து பருப்பைப் பற்றிச் சொல்ல மாட்டார்களா என்று.

யாரும் எழுவதில்லை.