மொலீசேயைக் கண்டுபிடித்த கோணேஸ்வரன்

இத்தாலியில் மொலீசே என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சனங்கள் திராட்சை நட்டு, வைன் பிழிந்து, குடித்து, செத்தும் போயிருக்கிறார்கள். அதெல்லாம் கணக்கில் வராது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் ரொறொன்ரோவின் மோர்னிங்சைட்டில் குடியிருக்கும் கோணேஸ்வரன். போன செப்ரெம்பரில்தான் கண்டுபிடித்தார்.

கோணேஸ்வரன் திருகோணமலைக்காரர். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் வேலை. வாய் செத்த மனிசன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய மனைவியின் தமையன் அன்புராசாவின் கராஜில் ஆம்பிளைகள் கூடுவார்கள். மடக்குக் கதிரை, ஆட்டிறைச்சிப் பொரியல், விஸ்கி. வீடு எப்போது விற்கலாம், முழங்கால் நோவுக்கு எந்த டொக்டர் நல்லவர், உலகப்போர் வருமா வராதா, எல்லாவற்றுக்கும் அன்புராசாதான் தீர்ப்புச் சொல்வார். கோணேஸ்வரனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஏவுவது மட்டும் உண்டு.

"கோணேஸ், ஐஸ் முடிஞ்சுது. ஒருக்கா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும்."

அவர் இதுவரை சுமந்த ஐசைக் கொட்டினால் ஒன்ராறியோ ஏரியே விறைத்துப்போகும். மனிசனுக்கு வேறு ஆசை இல்லை. ஒருநாளாவது அந்தக் கராஜில் யாராவது தன்னிடம் ஏதாவது கேட்கவேண்டும், தான் பதில் சொல்லவேண்டும். அவ்வளவுதான். பாவம், பெரிய ஆசையா அது?

கண்டுபிடிப்பு நடந்த விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். விடுமுறைக்கு இத்தாலி போன கணவனும் மனைவியும் ரோமில் காரை வாடகைக்கு எடுத்து நேப்பிள்ஸ் போகப் புறப்பட்டார்கள். போனில் வழி சொல்லும் பெண்குரல் நேரே போகச் சொன்னது. மனைவி தவமலரும் நேரே போகச் சொன்னார். ஊருக்குள் வாய் திறக்காத கோணேஸ்வரனுக்கு ஸ்ரியறிங்கைப் பிடித்தால் மட்டும் எங்கிருந்தோ வாய் வந்துவிடும்.

"எனக்கு றோட்டுத் தெரியும். நீர் பேசாமல் இரும்!" என்று காரைத் திருப்பினார்.

மலை வந்தது. ஆடு வந்தது. நேப்பிள்ஸ் வரவில்லை. வழி கேட்டு நின்ற தோட்டத்தில், வழியைச் சொல்லுமுன் தோட்டக்காரர் கிளாசை நீட்டினார். தின்தீலியா என்று அந்தப் பக்கத்துக் கறுப்புத் திராட்சையில் செய்த வைன். பொய் சொல்லக்கூடாது, வைன் அருமையாகத்தான் இருந்தது. கறுத்த பழமும் கொஞ்சம் மிளகும் மணத்தது. கோணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"இப்பிடியொரு இடம் இருக்கிறது எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் தெரியாது, தவம்."

"எங்களுக்கும் தெரியாமல்தானே வந்து நிக்கிறம்" என்றார் தவமலர்.

ஒரு போத்தலை வாங்கி, மனைவியின் காஞ்சிபுரம் சேலைக்குள் சுற்றி ரொறொன்ரோவுக்குக் கொண்டுவந்தார். சேலைக்கு ஏதும் நடந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். பிறகு யூரியூப்பில் பாடம் படித்தார். கிளாசை எப்படிச் சுழற்றுவது, எப்படி முகர்வது என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகினார். தேசிக்காய் பிழிந்த புளித் தண்ணீரில்தான்.

அன்புராசாவின் பிறந்தநாள் வந்தது. கராஜ் நிறைய ஆட்கள், தவமலரும் வந்திருந்தார். கோணேஸ்வரன் போத்தலைத் திறந்து மேசையில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"மொலீசே எண்டு ஒரு இடம். மலைக்கும் கடலுக்கும் நடுவில..."

"உந்தக் கண்டறியாத வைனை அங்கால வையும் மச்சான்" என்றார் அன்புராசா. "ஐஸ் முடிஞ்சுது, ஒருக்கா ஓடிப்போய்..."

போனார். வேறென்ன செய்வார்? காஸ் ஸ்ரேஷனில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றபோது அவருக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

இரண்டு பை ஐசோடு திரும்பியவர் கராஜ் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே அன்புராசா அந்த வைனைக் கிளாசில் வார்த்துவைத்துக்கொண்டு, வேலையால் பிந்தி வந்த அகஸ்ரினுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொலீசே எண்டு ஒரு இடம், அகஸ்ரின். மலைக்கும் கடலுக்கும் நடுவில. ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் கோணேசுக்குப் போனில வழி சொல்லி அனுப்பினனான். நேப்பிள்சுக்கு எவனும் போவான், நீர் இஞ்சால திரும்பிப் போம் எண்டு."

அட, புழுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா! கராஜ் முழுவதும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

கோணேஸ்வரன் ஐசைக் கீழே வைத்தார். ஸ்ரியறிங்கைப் பிடித்தால் மட்டும் வருகிற அந்த வாய், அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கராஜுக்குள் வந்தது.

"என்ன மச்சான், உப்புப் போடாமல் குடிக்கிறியள்?"

"உப்போ?"

"போனில நீங்கள்தானே சொன்னனீங்கள்? மொலீசேயில கல்லுப்பும் தேசிக்காயும் விட்டுத்தான் உதைக் குடிக்கிறவை எண்டு. சொன்னதையே மறந்திட்டியளே?"

அன்புராசா கையிலிருந்த கிளாசைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் போன் கதையும் பொய்யென்று ஆகிவிடும். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓமோம்... சொன்னனான்தான். கதையில மறந்துபோனன். தவம், உந்த உப்பை ஒருக்கா எடுத்தா."

தவமலர் கணவனை ஒரு பார்வை பார்த்தார். உப்புப் பேணியோடு தேசிக்காயையும், கேட்காமலே நாலு பச்சைமிளகாயையும் கொண்டுவந்து வைத்தார்.

அன்புராசா போட்டுக் கலக்கி, ஒரு மிடறு குடித்தார். கண் கலங்கியது. "இதுதான் சரியான ரேஸ்ற்" என்றார். பிறகென்ன, ஆளுக்காள் கிளாசை நீட்டினார்கள். அகஸ்ரின் மட்டும் கரண்டியோடு கொஞ்சம் யோசித்தார். அன்புராசாவைப் பார்த்தார். பிறகு கோணேஸ்வரனின் பக்கம் திரும்பினார்.

"கோணேஸ் அண்ணை, உப்பு எவ்வளவு போடுறது?"

கோணேஸ்வரன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஐஸ் வாசலில் கரைந்துகொண்டிருந்தது.

"தாராளமாய்ப் போடும், தம்பி" என்றார்.