ரப்பர் பாய்க்குக் கீழே

சென்ற மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பிக் கடைக்குள் நுழையப்போனபோது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பூப்போட்ட தரைக்கற்கள் ரொம்பப் பழையவையாம், கீறல் விழக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியே வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அந்தக் கற்களின் மேல் வளர்ந்தவள் நான். அவற்றில் கீறல் விழாமல் காத்தது யார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்தக் கடை முன்பு எங்கள் வாடகை வீடு. கீழே அப்பாவின் மசாலா மில், மேலே நாங்கள். தெரு கருவாடும் சாக்கடையுமாக நாறும். மில் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைச் சுருட்டிவிட்டு, தேங்காய் நாரால் கற்களைத் தேய்த்துக் கழுவி, மறுபடி மூடிவிடுவார்.

வீட்டுக்காரரான சீன முதலாளி, தவுக்கே, வரும் நாளில் மட்டும் எல்லாம் தலைகீழ். அம்மா கூட்டமாட்டார், முன்பக்கத்தில் ஈரத்துணிகளைத் தொங்கவிடுவார். அப்பா மிளகாய்த் தூள் பறக்க மில்லை ஓட்டுவார். தவுக்கே தும்மிக்கொண்டே போய்விடுவார். வீடு எதற்கும் லாயக்கில்லை என்று அவர் நினைக்கும்வரைதான் எங்களை விட்டுவைப்பார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

எனக்கு ஒன்பது வயதானபோது பழைய தவுக்கே இறந்துபோனார். அவர் மகன், டை கட்டிய ஒருவரை வீடு பார்க்க அழைத்து வந்தார். டை கட்டியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கோத்தோர் லா” என்றார். எங்கள் வீட்டை அழுக்கு என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ரப்பர் பாயின் ஒரு மூலையைச் சுருட்டினேன். வாராவாரம் என் அம்மா தேய்க்கிறார், பாருங்கள் என்று பள்ளிக்கூட மலாயில் சொன்னேன்.

நீலமும் சிவப்புமாகப் பூக்கள் பளபளத்தன. அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். குந்தி உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டதும், மீதிப் பாயையும் நானே சுருட்டிக் காட்டினேன். அவர் படம் எடுத்தார். அப்பா மில்லை நிறுத்தினார்.

அவர்கள் போன பிறகு யாரும் என்னை அடிக்கவில்லை. “சின்னப்புள்ள, அதுக்கு என்னா தெரியும், விடுங்க” என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். நானோ எங்கள் வீட்டைப் படம் எடுத்தார்கள் என்று பள்ளியெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டே மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. சிம்பாங் அம்பாட்டில் கிடைத்த அடுக்குமாடி வீட்டில் மில்லுக்கு இடமில்லை. அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். தெருவை அழகாக்கினோம் என்று இன்று பெருமை பேசுகிறார்கள். தெருவிலிருந்து எங்களைத்தான் கூட்டித் தள்ளினார்கள்.

கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. லாரி வெளியே காத்திருக்க, அம்மா மண்டியிட்டுத் தரை முழுவதையும் தேய்த்தார். பிறகு ரப்பர் பாயை விரிக்கத் தொடங்கினார்.

“பாய நாம எடுத்துக்கலயாம்மா?”

“இருக்கட்டும்.”

புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் தரையை அழுக்காகாமல் மூடிவைக்கிறார் என்று அப்போது நினைத்தேன். நானும் ஒரு மூலையைப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன்.