பெயர் கேட்காத வியாழக்கிழமை

நேற்றுக் காலை அடையாறில் எங்கள் போதை மீட்பு மையத்துக்குத் தொலைபேசி வந்தது. விசாலாட்சி மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டா, சேகர்" என்றார். மூன்று மாதமாக எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்திருந்ததால் துக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சிறையில் இருப்பவர்களைப் போதைப் பழக்கத்திலிருந்து மீட்க, வாரம் ஒருநாள் வகுப்பு நடத்தியவர்கள் நாங்கள் இருவர். ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் அவர். என் வகுப்பில் பாய் போதாது. அவர் எதிரே பல வாரங்கள் யாருமே இருந்ததில்லை. "உங்க பக்கம் யாருக்கும் பழக்கமே இல்ல போலிருக்கு, மேடம்" என்று கேலி செய்திருக்கிறேன். அந்த லட்சணத்தில்தான் நான் ஆலோசகர் வேலை பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க ஆள் பேர் குடுத்தா, திருந்தப்போறான்னு அவன் பொண்டாட்டி கோயிலுக்குப் போறா. இங்க ஒருத்தி பேர் குடுத்தா, அவளுக்குப் பழக்கம் இருக்குன்னு அன்னிக்குத்தான் ஊருக்கே தெரியறது" என்றார்.

அதன்பின் வகுப்பு என்ற பேச்சையே விட்டுவிட்டார். பெண்களின் தையல் அறையில் போய், கிழிந்த ரவிக்கை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதிவேட்டில் பெயருக்குப் பதில் கோடுதான் போடுவார். மெல்ல மெல்ல ஆறு கோடுகள் ஆயின.

அந்த ஆறில் ஒருவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவர். பிரவுன் சுகர் பழக்கம். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை சொன்னதே போதும்.

மேடம் விடுப்பில் இருந்த வாரம் அது. உறவினர்கள் மனுப்போட்டுப் பார்க்க வரும் நாள். மாமியாரோடும் மகளோடும் அந்த மீன்காரப் பெண் பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய உதவி செய்கிற நினைப்பில் நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "வியாழக்கிழமை போதை வகுப்பு இருக்கு, மறந்துடாதீங்க" என்றேன். மாமியார் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னா சார் இப்டி பண்ட்ட? இனிமே எம் பொண்ணக் கண்ல காட்டுவாங்களா?" என்றார் அவர். அதோடு தையல் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தெரியாமப் பண்ணிட்டேள். ஆனா அவளுக்கு அது போறாதே, சேகர்" என்றார். மாமியார் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் விடுதலையான அன்று சிறை வாசலில் காத்திருந்து, "வியாழக்கிழமை சாயங்காலம் எங்க அடையாறு சென்டர்ல உனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருப்பேன். பேர்கூட சொல்ல வேண்டாம், வந்து உக்காரு" என்று மட்டும் சொன்னார். நான்கு ஆண்டுகள் அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ வந்தாளா?"

நேற்று மாலை மயிலாப்பூர் வீட்டு வாசலில், வந்தவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அதன் அருகில் நான் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. பெயர் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு நோட்டை மூடினேன்.

மேடத்தின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வந்தவர் என் பக்கத்தில் நின்றார். "பொண்ண இன்னும் காட்டல சார். நானும் இன்னும் அந்தப் பழக்கத்த வுடல" என்றார். பிறகு, "அந்த நாக்காலி இன்னும் கீதா சார்?" என்று கேட்டார்.

"இருக்கும்மா" என்றேன்.

மேடம், நாளை வியாழக்கிழமை. நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். நான் பெயர் கேட்க மாட்டேன், நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள். அவங்க வந்தாங்க, மேடம். நீங்க கேட்டதுக்கு ஒரு வாரம் பிந்தி வந்தாங்க.