நாப்பது பேரும் ஒரே பஸ்ல

சேதராப்பட்டு கம்பெனியில இன்னைக்குப் புது சர்வர். நாப்பது பேர் மேசையிலயும் வெறும் ஸ்கிரீனும் கீபோர்டும்தான். வேலை மொத்தமும் அந்த ஒரே சர்வர்ல.

டெஸ்ட் பண்ணிப் பார்த்து, நாப்பது பேரைத் தாங்கும்னு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனா டெஸ்ட்ல ஒவ்வொருத்தராத்தான் லாகின் பண்ண விட்டேன். இவங்க எல்லாரும் ஒரே கம்பெனி பஸ்ல வந்து இறங்குறதைக் காலையில பார்த்தப்பதான் உறைச்சுது. நாப்பது பேரும் ஒரே நேரத்துல லாகின் பண்ணா தாங்குமான்னு நான் பார்க்கவே இல்ல.

சர்வர் அசரவே இல்ல!

எப்படின்னு எட்டிப் பார்த்தா, வாசல்ல ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட நீளமா வரிசை. நூல்ல கட்டுன ஒரே பேனா. ஒவ்வொருத்தராத்தான் உள்ள வந்தாங்க.

மேனேஜர் தோளைத் தட்டி, "பிரமாதம்! அடுத்த மாசம் அட்டென்டன்ஸையும் கம்ப்யூட்டர்லயே போட்டுடலாம்"னார்.

"வேணாம் சார், அந்தப் பேனா இருக்கட்டும்"னேன்.