முசஃபாவில் வாங்கிய ஷூவும் அதில் அடித்த லாடமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபுதாபிப் பக்கம் முசஃபாவுக்குப் போனது ஊர் சுற்ற இல்லை, ஷூ வாங்க. என் ரூம்மேட் செல்வண்ணன் சிவகங்கைக்காரர், பல வருஷமாக ஹெல்பர். திங்கள் முதல் எலக்ட்ரீஷியனாகப் போடுகிறேன் என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். ஒரே கண்டிஷன், கரண்டைத் தடுக்கும் ஷூவோடு வரணும். கம்பெனி ஸ்டோரில் பதினொன்றாம் நம்பர் இல்லை. அண்ணன் கால் அப்படி.

துபாய் இப்னு பதூதாவிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. 25 திர்ஹம், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் எடுத்துப் போங்கள். இறங்கியபின் பட்டறைகளுக்கு நடுவே வெயிலில் நடந்துதான் தீர வேண்டும்.

நாலு கடை ஏறினோம். எல்லாம் இரும்பு மூக்கு வைத்த சாதா ஷூ. ஒருவர் 'ஆன்டி ஸ்டேட்டிக்' என்று எழுதியதை நீட்டினார். ஏமாறாதீர்கள், அது கரண்டைத் தடுக்காது. உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரையில் இறக்கத்தான் அது. நமக்கு ஷூவின் நாக்கில் ஈ.ஹெச்., அதாவது எலக்ட்ரிக்கல் ஹசார்ட், என்று இருக்க வேண்டும். கடைசியில் கீழக்கரை பாய் ஒருவர் கடையில் அந்த நம்பரில் ஒரே ஜோடி கிடைத்தது, 190 திர்ஹம். அண்ணன் போட்டு நடந்து பார்த்துப் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் பரோட்டா சொல்லப் போன நேரத்தில் அவர் ஷூவைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டார். புதுசு எது வாங்கினாலும் குதிகால் தேயாமலிருக்க லாடம் அடிப்பது ஊர்ப் பழக்கம்.

"ரெண்டு வருசத்துக்கு அசையாதுடா" என்று அண்ணன் தட்டிக் காட்டினார். குதிகாலுக்கு ஐந்து ஆணி.

பாயிடம் ஓடினோம். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "ஆணி உள்ள வரைக்கும் ஏறிப்போச்சே தம்பி, கரண்டு அது வழியா பாஞ்சிரும். புடுங்குனாலும் ஓட்டை ஓட்டைதான். இதப் போட்டுக்கிட்டு லைன்ல கை வச்சிராதிய." அடுத்த ஸ்டாக் வர ஒரு மாதமாம்.

திரும்பும் பஸ்ஸில், உள்ளே ஒரு ரப்பரை வைத்து மூடினால் ஃபோர்மேனுக்கு என்ன தெரியப்போகிறது என்றார் அண்ணன்.

"ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணிக்கு யாருண்ணே போன் பண்றது, நானா?"



காலையில் அவரே ஃபோர்மேனிடம் ஷூவைத் திருப்பிக் காட்டினார். கலாஸ், அவ்வளவுதான். அந்த இடம் ஒரு பீகார்க்காரருக்குப் போனது.

வாங்கப் போகிறவர்களுக்கு: சோலில் ஆணி, லாடம், ஓட்டை எதுவும் கூடாது. தேய்ந்தால் மாற்றுங்கள், நனைந்தால் நம்பாதீர்கள். எவ்வளவு நல்ல ஷூவானாலும் லைனை ஆஃப் பண்ணாமல் தொடாதீர்கள். இதையெல்லாம் கூட வருகிறவரிடம் கடையிலேயே சொல்லிவிடுங்கள். நான் எதை வாங்கணும் என்று மட்டும்தான் சொன்னேன்.

அண்ணன் இப்போது அதே ஷூவில் கான்கிரீட் வேலைக்குப் போகிறார். விடியுமுன் கேம்ப் வராந்தாவில் டக் டக்கென்று சத்தம் போகும், படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொன்னது சரிதான். லாடம் அசையவே இல்லை.