இடது மேல் கடைவாய்ப் பல்

எங்கள் அண்ணி அம்சா திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கடிக்கிறவள். சிரிக்காதீர்கள், அதுதான் வேலை. மூட்டைக்குள் கைவிட்டு நாலு காயை எடுத்து உடைப்பாள். பருப்பைக் கடைவாயில் வைத்து ஒரே கடி. காய்ந்ததா, ஈரமா என்று உடனே சொல்லிவிடுவாள். இருபது வருடமாக வியாபாரிகள் அதை நம்பித்தான் விலை போடுகிறார்கள்.

அவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் ஜெகதீசனுக்கு இடது மேல் கடைவாயில் வலி. ஞானப்பல் என்கிறார்களே, அது. விழுப்புரத்து டாக்டர் பிடுங்கச் சொன்னார். அண்ணன் லாரி டிரைவர்.

"மேல் பல்லப் புடுங்கினா கண்ணு போயிடும். அப்புறம் வண்டிய எப்படி ஓட்டுவீங்க?" என்றாள் அண்ணி.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். அண்ணன் கிராம்பை வைத்துக்கொண்டு, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பத்து நாள் ஓட்டினார். பதினோராம் நாள் கழுத்தும் வீங்கி மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

இந்தத் தை மாதம் அண்ணிக்கு அதே பல் வலிக்க ஆரம்பித்தது. அதே இடது, அதே மேல். மார்க்கெட்டில் வலது பக்கம் கடித்துச் சமாளித்தாள். ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது அண்ணனுடைய துண்டைக் கன்னத்தில் கட்டிக்கொண்டு, அண்ணன் உட்கார்ந்த அதே மூலையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வலி இல்ல சித்ரா. விண்ணு விண்ணுன்னு உங்க அண்ணன்தான் கூப்பிட்டுக்கினு இருக்காரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு சாவு பத்தலயா அண்ணி? கண்ணு போயிடும்னு இன்னுமா பயப்படற?"

"போவணும்டி," என்றாள். "புடுங்கினா என் கண்ணு போவணும். போவலன்னா நான் சொன்னது பொய்யாயிடும். பொய்யச் சொல்லி அவர சாவடிச்சவளாயிடுவேன்."



அவள் மகள் பானுப்ரியா பள்ளிக்கூட உடுப்போடு வந்து அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பாவுக்கும் இங்கதான் வீங்குச்சி," என்றாள். பிறகு அம்மாவின் செருப்பை எடுத்து வந்து வைத்தாள். அண்ணி எழுந்தாள்.

அண்ணனுக்குச் சொன்ன அதே டாக்டர்தான். மாத்திரையில் வீக்கம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல்லைப் பிடுங்கினார். நான் கூடப் போயிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணி வாயில் பஞ்சோடு நின்றாள். திடீரென்று வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தூரத்தில் நின்ற பஸ்களின் போர்டை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஒலக்கூர். கண்டமங்கலம். எல்லாம் தெரியுதுடி," என்றாள். பஞ்சையும் மீறி அழுதாள்.

கண்ணு போயிடும் என்று அண்ணி அண்ணனிடம் சொன்ன மறுநாள் அவர் எனக்குப் போன் பண்ணியிருந்தார். "ஏம்மா, கண்ணு நெசமாவே போயிடுமா? நீ என்னா சொல்ற, புடுங்கிடட்டா?" என்று கேட்டார். "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும், வேணாண்ணா," என்றேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை அங்கே நின்று அவளிடம் சொன்னேன்.

அண்ணி வலது கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. இடது கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.